பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் சத்தம் எங்கிருந்து வருகிறது?

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் 33 கிலோமீட்டர் மலைப்பாதையில், குஞ்சப்பனையைத் தாண்டியதும் என் ஸ்கூட்டரின் இடப்பக்கத்தில் ஒரு கரகரப்பு எழத் தொடங்கியது. எஞ்சின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட் இருக்கும் பெட்டியும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது என்பதால் பெல்ட்டை மாற்றினேன். பிறகு ரோலர்களையும் மாற்றினேன். கரகரப்பு அப்படியே இருந்தது. மாற்றுத்திறனாளிகளுக்காகப் பின்புறம் இரண்டு இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய இவ்வகை வண்டியை ஊரில் மூன்று சக்கர வண்டி என்கிறார்கள்; எண்ணிப் பார்த்தால் நான்கு இருக்கும். அந்தக் கூடுதல் சக்கரத்தைத்தான் நான் கணக்கில் எடுக்காமல் விட்டிருந்தேன்.

முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை மட்டும் ஓடவிட்டுக் கேளுங்கள். அப்போது வேரியேட்டர் (ரோலர்கள் உள்ள முன் புல்லி), பெல்ட், பின் புல்லி ஆகியவை சுழலும். பின்சக்கரத்தோடு கியர் வழியாக இணைந்த கிண்ணமான கிளட்ச் டிரம் சுழலாது. நிற்கும்போது கடகடத்து, பிரேக்கைப் பிடித்தபடி ஆக்சிலேட்டரைச் சிறிது திருகியதும் அடங்கினால், ரோலர்களோ அவற்றைத் தாங்கும் தகட்டின் பிளாஸ்டிக் துண்டுகளோ தேய்ந்திருக்கலாம். புறப்படும் நொடியில் மட்டும் கிறீச்சிட்டால் டிரம்மை உள்ளிருந்து விரிந்து பற்றும் கிளட்ச் ஷூவைச் சந்தேகியுங்கள்; அதைத் துடைக்கும்போது தூளை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் எடுங்கள். பெல்ட்டின் அகலத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து, வண்டியின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். சத்தத்தை அடக்குவதற்காக பெல்ட்டின் மேல் எந்த ஸ்பிரேயையும் அடிக்காதீர்கள். அது வழுக்கி, ஏற்றத்தில் இழுவை போய்விடும்.

அடுத்து, எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவரை மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள். இதை மலைச்சரிவில் ஒருபோதும் செய்யக்கூடாது. இப்போது பெல்ட் அசையாமல் நிற்பதால், இந்நிலையிலும் சத்தம் வந்தால் கிளட்ச் டிரம், பின் கியர், பிரேக், சக்கர பேரிங் ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். இந்த ஒரு சோதனையை முதலிலேயே செய்திருந்தால் எனக்கு ஒரு பெல்ட்டின் விலை மிச்சமாகியிருக்கும்.

நான் தடுக்கி விழுந்த இடம் இதற்கு அடுத்தது. இந்த வண்டி வளைவில் சாயாது. ஆகவே வலப்புறம் திரும்பும்போது எடை இடப்பக்கச் சக்கரத்தின் மேல் ஏறுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் வலப்புறம் திரும்பும்போதெல்லாம் கரகரப்பு கூடி, இடப்புறம் திரும்பும்போது குறைந்ததை நான் பல நாள் கவனித்தும் பொருள் புரியாமல் இருந்தேன். உண்மையில் இடப்பக்கச் சக்கரத்தின் பேரிங்கில் மழைநீர் இறங்கித் துருப்பிடித்திருந்தது. அச்சத்தம் இணைப்புச் சட்டத்தின் வழியாக ஏறி, பெல்ட் பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் காதில் விழுந்தது.

உறுதி செய்துகொள்ள, பக்கச் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. பிறகு சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, அச்சைத் தாங்கும் சட்டத்தின் மேல் விரல் நுனியை வையுங்கள். நல்ல பேரிங் விரலுக்கு ஒன்றும் சொல்லாது. என்னுடையது மணல் அரைபடுவதுபோல் நறநறத்தது.

சத்தத்தின் இடத்தைக் கண்டறிய ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்பது பலரின் வழக்கம். எனக்கு மேஸ்திரிகள் மட்டம் பார்க்கும் ஒளி ஊடுருவும் குழாயில் ஒரு துண்டே போதும். ஒரு முனையைக் காதருகில் பிடித்து மறுமுனையை நகர்த்தினால், குளிரில் விறைத்த கைக்கும் அது எளிதாக இருக்கிறது. சுழலும் பாகத்தின் அருகில் மட்டும் குழாயைக் கொண்டுபோகாதீர்கள்.

பின்சேர்க்கை: பேரிங்கை மாற்றி மூன்றே வாரத்தில் மீண்டும் சத்தம் வந்ததாகக் கூடலூர் வாசகர் ஒருவர் எழுதினார். இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே வரும் ஸ்பேசர் குழாயைத் திரும்பப் போடாமல் நட்டை இறுக்கியிருக்கிறார்கள். அதனால் பேரிங்குகள் பக்கவாட்டில் நெரிபட்டுக் கெட்டுவிட்டன. நட்டை முழுமையாக இறுக்கிய பிறகும் சக்கரம் கையால் தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்த்த பின்பே ஜாக்கியை இறக்குங்கள்.