ரெட்டைக்குழலும் வாஞ்சூர் எல்லையும்: துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்குச் செய்முறை விளக்கம்

நாகப்பட்டினத்திலிருந்து தரங்கம்பாடிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போயிருப்பீர்கள். வழியில் இரண்டு முறை எல்லை தாண்டுகிறோம் என்று என்றைக்காவது நினைத்ததுண்டா? நாகூர் முடிந்ததும் வாஞ்சூர். அங்கிருந்து நண்டலாறு வரை காரைக்கால், அதாவது புதுச்சேரி யூனியன் பிரதேசம். வரிசையாக மதுக்கடை போர்டுகளைப் பார்த்தால்தான் ஊர் மாறியதே உறைக்கும். சும்மா போகிறவருக்கு இதில் ஒன்றுமில்லை. டிக்கியில் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால் கதையே வேறு.

எங்கள் சித்தப்பாவிடம் தாத்தா காலத்து 12 போர் ரெட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. நாகையிலிருந்து மயிலாடுதுறைக்கு வீடு மாற்றியபோது அதை ஜமுக்காளத்தில் சுருட்டி, காரின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். நாகூரில் டீ குடிக்க நிறுத்தினோம். அங்கே சித்தப்பாவுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவர் சுருட்டலைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, லைசென்ஸ்ல ஏரியா என்ன போட்டிருக்கு?" சித்தப்பா எடுத்துப் பார்த்தார். தமிழ்நாடு. "அப்ப காரைக்கால் வழியா எப்படிப் போவீங்க? வண்டியைத் திருப்புங்க." திருவாரூர், நன்னிலம், பேரளம் என்று சுற்றி, தமிழ்நாட்டை விட்டு இறங்காமல் மயிலாடுதுறை போய்ச் சேர்ந்தோம். அந்த டீக்கடைப் பாடத்தைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். லைசென்ஸ் வாங்குவது எப்படி என்பது இங்கே வராது. ஏற்கெனவே வைத்திருப்பவர், அதை இன்னொரு மாநிலத்துக்கு எடுத்துப் போவது எப்படி என்பது மட்டும்தான்.

முதல் படி: லைசென்ஸில் ஏரியா கட்டத்தைப் படியுங்கள்

1959ஆம் வருட ஆயுதச் சட்டமும் 2016ஆம் வருட ஆயுத விதிகளும் இந்தியா முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் உங்கள் லைசென்ஸ் எங்கே செல்லும் என்பது அதில் எழுதியிருக்கும் எல்லையைப் பொறுத்தது. ஒரு மாவட்டம், ஒரு மாநிலம், அல்லது இந்தியா முழுவதும். கொடுத்தவர் கலெக்டர்தானே, எல்லா இடத்திலும் செல்லாதா என்று பலர் நினைக்கிறார்கள். செல்லாது.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய தஞ்சை மாவட்டம் உடைந்து 1991இல் நாகப்பட்டினம் வந்தது, 1997இல் திருவாரூர், 2020 டிசம்பரில் மயிலாடுதுறை. வீடு இருந்த இடத்திலேயே இருக்க, மாவட்டம் மட்டும் மாறிவிட்டது. லைசென்ஸில் இன்னும் பழைய மாவட்டப் பெயரே இருந்தால், பயணத்துக்கு முன்பே கலெக்டர் அலுவலகத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியே இன்னும் இரண்டு விஷயம். காலாவதித் தேதி: 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் 5 வருடம் செல்லும், அதற்கு முன் 3 வருடம். அப்புறம் தனி அடையாள எண், அலுவலகத்தில் யூ.ஐ.என் என்பார்கள். தேசிய ஆயுத லைசென்ஸ் தரவுத்தளத்தில் உங்கள் பெயர் ஏறியதற்கு அதுதான் சாட்சி. அந்த எண் இல்லாத பழைய லைசென்ஸ் புத்தகத்தை நம்பி எங்கேயும் கிளம்பாதீர்கள்.

இரண்டாம் படி: எல்லையை விரிவாக்கக் கேளுங்கள்

போகும் மாநிலம் லைசென்ஸில் இல்லையென்றால், லைசென்ஸ் தந்த அதிகாரியிடம் எல்லை விரிவாக்கத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஏன் வேண்டும் என்று கேட்பார்கள். "சும்மா பாதுகாப்புக்கு" என்றால் கோப்பு நகராது. சுடும் போட்டி என்றால் அழைப்புக் கடிதம், வேலை மாற்றம் என்றால் அதற்கான உத்தரவு, வியாபாரம் என்றால் அதன் ஆவணம் என்று காகிதமாகக் கொடுங்கள். போலீஸ் விசாரணை நடக்கலாம். அடுத்த வாரம் பயணத்தை வைத்துக்கொண்டு இந்த வாரம் விண்ணப்பிப்பதில் அர்த்தமில்லை. பதில் வரும்வரை துப்பாக்கி வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

"சின்னத் தப்புதானே" என்று நினைப்பவர்களுக்கு: லைசென்ஸ் நிபந்தனையை மீறினால் ஆயுதச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸே இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 25ஆம் பிரிவு. அதில் குறைந்தபட்சமே 2 வருடம், 5 வருடம் வரை போகும். காலாவதியான புத்தகத்தோடு அடுத்த மாநிலத்தில் நிற்பவர், தன் வழக்கு இதில் எந்தப் பிரிவில் பதிவாகும் என்று ரோட்டோரத்தில் பேரம் பேச முடியாது.

மூன்றாம் படி: தேர்தல், திருவிழா பாருங்கள்

தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். ஒப்படைத்தால் ரசீது வாங்காமல் வராதீர்கள். இங்கே தேர்தல் இல்லையே என்று இருந்துவிடவும் கூடாது, போகிற மாநிலத்தில் இருக்கலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் 2021இல் ஒரே நாளில், ஏப்ரல் 6 அன்று வாக்குப்பதிவு நடந்தது. கர்நாடகத்துக்கு 2023இல்தான் வந்தது.

திருவிழா, மத ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிறுவன வளாகம் இங்கெல்லாம் துப்பாக்கியோடு போகக்கூடாது என்பது லைசென்ஸ் நிபந்தனையிலேயே வரும். நம் ஊரில் இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி, நாகூரில் கந்தூரி, சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு. இந்த நாள்களில் அந்தப் பக்கச் சாலைகளே வேண்டாம். காரைக்காலிலும் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தாலும், துப்பாக்கியை வண்டியில் பூட்டிவிட்டு நளதீர்த்தத்தில் ஒரு முழுக்குப் போட்டு வரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஆளில்லாத வண்டியில் துப்பாக்கியை விட்டுப் போவதற்கு எந்தப் புண்ணியமும் ஈடாகாது.

நான்காம் படி: கட்டும் முறை

சித்தப்பாவின் ஜமுக்காளம் தப்பு. பொது இடத்தில் நீளத் துப்பாக்கியை அதற்கென்று செய்த உறையில்தான் எடுத்துப் போக வேண்டும் என்கிறது விதி. வெளியே தெரியாமல் முழுவதும் மூடியிருக்க வேண்டும், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். கைத்துப்பாக்கி என்றால் உடம்போடு மாட்டும் உறை, அல்லது பை.

உறையில் வைப்பதற்கு முன் தோட்டா இல்லையென்று பார்த்துக் கழற்ற வேண்டும், ரெட்டைக்குழலில் அது சுலபம். குழல் வாயை ஆளில்லாத பக்கம் வைத்து, மேலே இருக்கும் நெம்புகோலைக் கட்டைவிரலால் தள்ளினால் துப்பாக்கி நடுவில் மடியும். இரண்டு துளையையும் பாருங்கள். பார்த்தால் போதாது, சுண்டுவிரலை விட்டுத் தொட்டுப் பாருங்கள். தாத்தா இதைச் செய்யும்போது யாரும் பேசக்கூடாது. இரண்டு துளைக்குள்ளும் விரல் போய் வந்த பிறகுதான் அவர் மூச்சே விடுவார். அப்புறம் குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றினால் குழல் தனி, பின்கட்டை தனி. மூன்று துண்டையும் எண்ணெய்த் துணியால் துடைத்து உறையில் வைத்துப் பூட்டுங்கள். தோட்டா தனிப் பெட்டியில், தனிப் பூட்டில். எண்ணிக்கை லைசென்ஸில் அனுமதித்த அளவைத் தாண்டக்கூடாது.

லைசென்ஸின் அசல் சட்டைப்பையிலோ கைப்பையிலோ இருக்கட்டும், ஜெராக்ஸ் போதாது. துப்பாக்கி உறைக்குள் வைத்தால், அதைக் காட்டவே உறையைத் திறக்க வேண்டிவரும்.

டிரைவரிடம் கொடுத்து அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். லைசென்ஸ்தாரர் கூடவே இருந்தால் இன்னொருவர் தூக்கி வரலாம். அவர் இல்லாவிட்டால் எழுத்துமூல அதிகாரம் வேண்டும். அதுவும் பழுது பார்க்க, லைசென்ஸைப் புதுப்பிக்க, அல்லது லைசென்ஸ்தாரரின் உபயோகத்துக்கு எடுத்துவர மட்டும்தான். மச்சான் ஊருக்குப் போகிறான், அப்படியே கொடுத்தனுப்புவோம் என்பது வழக்கில்தான் முடியும்.

ஐந்தாம் படி: வழியைத் தேர்ந்தெடுங்கள்

மைசூருக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தஞ்சாவூரிலிருந்து கரூர், ஈரோடு, சத்தியமங்கலம், திம்பம் வழி கிட்டம். ஆனால் அது புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துமூல அனுமதி முன்கூட்டியே வேண்டும் என்கிறது 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். வனத்துறைச் சோதனைச்சாவடியில் துப்பாக்கி உறையைத் திறந்து காட்டி விளக்கம் சொல்லும் நிலை யாருக்கும் வேண்டாம். நான் சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு வழியைத்தான் சொல்வேன். சுற்றுதான், டோலும் அதிகம். நம் கோடியக்கரையும் சரணாலயம்தான், மறந்துவிடாதீர்கள்.

குடகுக்காரர்கள் லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கி வைத்திருக்கிறார்களே என்பார்கள். உண்மைதான். குடகின் கொடவ சமூகத்தாருக்கும், ஜம்மா எனும் பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் பழைய காலத்திலிருந்து வரும் விலக்கு அது, 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். காவிரி பிறக்கும் ஊரில் அவர்களுக்கு விலக்கு, காவிரி முடியும் ஊர்க்காரரான உங்களுக்கு இல்லை. தலைக்காவிரிக்குப் போனாலும் லைசென்ஸ் வேண்டும்.

விமானம் என்றால் கைப்பையில் துப்பாக்கிக்கு இடமே இல்லை. தோட்டா இறக்கி, கவுண்டரில் முன்கூட்டியே சொல்லி, சரக்கில் போடும் பெட்டியில்தான். நிறுவனத்துக்கு நிறுவனம் நடைமுறை மாறும். டிக்கெட் எடுப்பதற்கு முன் போன் செய்து கேளுங்கள்.

ஆறாம் படி: சோதனைச்சாவடியில்

காரைக்கால் எல்லையில் போலீஸ் தேடுவது பெரும்பாலும் பாட்டிலைத்தான். ஆனால் பாட்டில் தேடும் கை துப்பாக்கி உறையையும் தொடும். அவர் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் சொல்லிவிடுங்கள்: "சார், லைசென்ஸ் துப்பாக்கி இருக்கு, தோட்டா போடல, இதோ லைசென்ஸ்." என்ஜினை அணைத்து, உள்விளக்கைப் போட்டு, கை தெரிகிற மாதிரி உட்காருங்கள். ஆயுதம் எடுத்துப் போகிறவரிடம் லைசென்ஸ் கேட்க 19ஆம் பிரிவின்படி எந்தப் போலீஸ்காரருக்கும் அதிகாரம் உண்டு. உறையை அவர் சொன்ன பிறகு திறங்கள், நீங்களாகக் கை வைக்க வேண்டாம்.

ஏழாம் படி: போய்ச் சேர்ந்த பிறகு

லாட்ஜில் தங்குவதானால் அறை போடும்போதே சொல்லிவிடுங்கள். பல இடங்களில் முடியாது என்பார்கள். லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடை அந்த ஊரில் இருந்தால், பாதுகாப்பாக வைத்துத் தருவார்களா என்று கிளம்புவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

நிரந்தரமாக வீடே மாற்றுகிறீர்கள் என்றால் புது விலாசத்தை லைசென்ஸில் ஏற்ற வேண்டும். சித்தப்பா மயிலாடுதுறை போனதும் சாமான் பிரிப்பதற்கு முன்பே கலெக்டர் அலுவலகத்துக்குப் போனார். "ஏரியாவும் மாத்தணுமா சார்?" என்று கேட்ட கிளார்க்கிடம், காரைக்காலையும் சேர்க்க முடியுமா என்று விசாரித்திருக்கிறார். என்ன காரணம் என்று அவர் கேட்டதற்கு இவரிடம் பதில் இல்லை. தமிழ்நாடு என்றே இருக்கிறது. நாகைக்குத் துப்பாக்கியோடு போக வேண்டியிருந்தால் இப்போதும் பேரளம் வழிதான்.