‘சிக்’ என்ற சொல்லைப் பிழையின்றிப் பயன்படுத்துவது எப்படி?

உடம்பு சரியில்லை என்று ஆங்கிலத்தில் சொல்ல நாம் முதலில் கற்றுக்கொள்ளும் சொல் ‘சிக்’. சின்னச் சொல்தான், ஆனால் இடம் மாறினால் பொருளும் மாறிவிடும்.

படி 1: ‘சிக்’ நோயின் பெயர் அல்ல, ஆளின் நிலை. ஆகவே ‘ஐ ஆம் சிக்’ சரி. நோயின் பெயரைச் சொல்லும்போது ‘ஹேவ்’ வர வேண்டும்: ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’. ‘ஐ ஆம் ஃபீவர்’ என்று வாய்தவறும்போதெல்லாம் தமிழை நினைத்துக்கொள்ளுங்கள். ‘எனக்குக் காய்ச்சல்’ என்கிறோமே தவிர, ‘நான் காய்ச்சல்’ என்று சொல்வோமா?

படி 2: பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘சிக்’ போடுங்கள்: ‘எ சிக் சைல்ட்’. அதே பொருள் தரும் ‘இல்’ பெரும்பாலும் வினைக்குப் பின்னால்தான் வரும்: ‘தி சைல்ட் இஸ் இல்’. ஸ்காண்டிநேவியாவில் முன்பு பேசப்பட்ட பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த ‘இல்’லுக்கு மூலப்பொருள் ‘கெட்ட’ என்பதே. ‘இல் எஃபெக்ட்ஸ்’ என்றால் கெடுவிளைவுகள் என்பது அதன் மிச்சம்.

படி 3: இங்கேதான் நிதானம் தேவை. அமெரிக்கர்களுக்கு ‘சிக்’ பொதுவாக நோய்வாய்ப்பட்ட நிலை. பிரிட்டனில் ‘ஹி வாஸ் சிக்’ என்றால் பெரும்பாலும் ‘அவன் வாந்தி எடுத்தான்’ என்றே பொருள். அங்கே ஒரு மருத்துவர் ‘ஹேவ் யூ பீன் சிக்?’ என்று கேட்கிறார். நீங்கள் சளியை மனதில் வைத்து ‘யெஸ்’ என்கிறீர்கள். அவர் குறிப்பேட்டில் வாந்தி என்று எழுதிவிடுவார். சந்தேகம் வந்தால் இருமல், வலி என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். மருத்துவரிடம் இதில் கூச்சமே கூடாது. ‘ஐ ஃபீல் சிக்’ என்பதும் அங்கே குமட்டலைத்தான் குறிக்கும். கடல் பயணத்தில் வரும் உபாதையைச் சொல்லும் ‘சீசிக்’ என்ற சொல்லிலும் அந்தக் குமட்டல்தான் இருக்கிறது.

படி 4: ‘சிக் ஆஃப்’ வந்தால் நோயே இல்லை, சலிப்பு. ‘ஐ ஆம் சிக் ஆஃப் வெயிட்டிங்’ என்றால் காத்திருந்து காத்திருந்து வெறுத்துப்போய்விட்டது என்று பொருள். ‘ஹோம்சிக்’ வீட்டு ஏக்கம். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. ஏக்கத்தையும் ஒரு நோயாகவே பார்க்கிறது.

இப்போது ஒரு பயிற்சி. ‘இரண்டு நாளாக உடம்பு சரியில்லை’ என்பதை எழுதிப் பாருங்கள். ‘ஐ ஆம் சிக் ஃபார் டூ டேஸ்’ என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். அன்று தொடங்கி இன்றும் நீடிப்பதால் ‘ஐ ஹேவ் பீன் சிக் ஃபார் டூ டேஸ்’ என்றுதான் வர வேண்டும்.