ஏர் ஃப்ரையரில் சிக்கன் வெளியே மொறுமொறுப்பாக, உள்ளே சாறோடு வர என்ன செய்யணும்

ஏர் ஃப்ரையருக்குள் பொரிக்கிற வேலை எதுவும் நடப்பதில்லை, இதை முதலில் மனதில் போட்டுக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். மேலே சூடாகும் கம்பிச்சுருள், அதற்கும் மேலே ஒரு விசிறி, கூடையைச் சுற்றிச் சுற்றி அடிக்கும் சூடான காற்று, அவ்வளவுதான். சின்ன ஓவன் அது. பிலிப்ஸ் 2010இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து இன்றுவரை எந்தக் கம்பெனி மாடலை வாங்கினாலும் அடிப்படை இதேதான். கடாயில் 170, 180 டிகிரி எண்ணெய் கறித்துண்டை நாலாபுறமும் தொட்டுக்கொண்டு நிற்கும், அதனால் பஜ்ஜி மாவு பதத்தில் கரைத்து முக்கிப் போட்டால்கூட போட்ட நொடியில் மேல்மாவு இறுகிவிடும். காற்றுக்கு அந்த வேகம் கிடையாது. அதே மாவை ஏர் ஃப்ரையரில் வைத்தால் இறுகுவதற்குள் கூடையின் ஓட்டை வழியாக ஒழுகி அடித்தட்டில் தோசையாகிவிடும்.

அப்போ மொறுமொறுப்பு எங்கிருந்து வரும்? கறியின் மேல்பரப்பு காய்ந்திருந்தால் வரும். மேலே ஈரம் இருக்கிறவரை அந்த ஈரம் ஆவியாகிக்கொண்டே இருக்கும், பரப்பின் சூடு 100 டிகிரி பக்கத்திலேயே நிற்கும். பொன்னிறமும் அந்த வறுத்த வாசனையும் வர 140 டிகிரியாவது தொடவேண்டும். ஈரத்தோடு வைத்தால் மிஷின் முதல் பத்து நிமிடத்தைத் தண்ணீரைக் காயவைப்பதிலேயே செலவழிக்கும், அதற்குள் உள்ளே இருக்கும் கறி வெந்து முடிந்திருக்கும், அப்புறம் நிறம் வரட்டும் என்று இன்னும் பத்து நிமிடம் விடுவோம், சிக்கன் சக்கையாகிவிடும். ஏர் ஃப்ரையர் சிக்கன் வறட்சியாக இருக்கிறது என்று சொல்கிற பல வீடுகளில் நடப்பது இதுதான், மசாலாவில் குறையே இருக்காது.

சரி, கறிக்கடையிலிருந்து ஆரம்பிப்போம். பிராய்லர் கோழி, முழு லெக் பீஸ், தொடையும் காலும் சேர்ந்தது, தோலோடு வேண்டும் என்று கேளுங்கள். நம்ம கடைகளில் கேட்காமலேயே தோலை உரித்துத் துண்டு போட்டுவிடுவார்கள், அதனால் கத்தியை எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். தோலோடு வாங்கினால் விலையும் குறைவு. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு உருகி அந்தத் தோலையே வறுத்துவிடும், வெளியிலிருந்து எண்ணெய் ஊற்றவே வேண்டாம். தொடைக்கறியில் இன்னொரு நல்ல விஷயம், கொஞ்சம் கூடுதலாக வெந்துவிட்டாலும் மன்னித்துவிடும். நெஞ்சுக்கறி மன்னிக்காது. நாட்டுக்கோழியை இதற்குள் வைக்கவே வேண்டாம், அதன் கடினமான தசைக்குத் தண்ணீரும் நேரமும் வேண்டும், அது குழம்புக்குப் போகட்டும்.

நாலு லெக் பீஸ், சுமார் ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வோம். மஞ்சள் போட்டுக் கழுவுகிற பழக்கம் இருந்தால் கழுவுங்கள், ஆனால் தண்ணீர் தெறிக்காமல் மெதுவாக, முடிந்ததும் சிங்க்கையும் சோப்பு போட்டுத் தேய்த்துவிடுங்கள். வடிதட்டில் கால் மணி நேரம் வடியவிட்டு, கிச்சன் டிஷ்யூவால் ஒவ்வொரு பீஸையும் ஒத்தி எடுங்கள். தோலுக்கும் கறிக்கும் நடுவில், மூட்டு மடிப்பில், எல்லா இடத்திலும். டிஷ்யூ நனையாமல் வருகிறவரை துடைக்கலாம், இதில் சோம்பல் படக்கூடாது. கத்தியால் கீறுவதாக இருந்தால் தோல் இல்லாத பக்கத்தில் எலும்புவரை இரண்டு கீறல் போதும். தோல் பக்கம் கீறினால் வேகும்போது தோல் சுருங்கி விரிந்து கறி வெளியே தெரியும், அந்த இடம் காய்ந்துபோகும்.

அடுத்து உப்பு. ஒரு கிலோவுக்குத் தட்டையாக இரண்டு டீஸ்பூன் தூள் உப்பு, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் மஞ்சள்தூள், ஒரு டீஸ்பூன் மிளகுத்தூள். பேக்கிங் பவுடர் எதற்கு என்றால், அது தோலின் புளிப்புத்தன்மையைக் கொஞ்சம் குறைக்கும், அப்போது தோல் சீக்கிரம் சிவக்கும், மொறுமொறுப்பும் கூடும். வீட்டில் இருக்கிறது என்று ஆப்ப சோடாவை அதே அளவு போட்டுவிடாதீர்கள், சோப்பு வாடை வந்து முழுக் கறியும் வீணாகும். இப்போது இஞ்சி பூண்டு விழுது வேண்டாம், தயிர் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம், இவை எல்லாமே ஈரம். தோல் உள்ள சிக்கனுக்கு இந்த உலர் உப்புதான் சரி.

இதைத் தடவி ஒரு கம்பித் தட்டின் மேல், தோல் மேலே இருக்கும்படி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைக்கவேண்டும். குறைந்தது நாலு மணி நேரம், முதல்நாள் ராத்திரியே வைத்துவிட்டால் இன்னும் நல்லது. உப்பு முதலில் கறியின் நீரை வெளியே இழுக்கும், அந்த நீரில் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும், உள்ளே போன உப்பு வேகும்போது சாறு வெளியேறாமல் பிடித்துக்கொள்ளும். வெளியே தோல் ஃபிரிட்ஜின் காய்ந்த காற்றில் உலர்ந்து தாள் மாதிரி ஆகிவிடும். மூடாமல் பச்சைக்கறியா என்று வீட்டில் கேட்பார்கள். கீழ்த்தட்டில், அடியில் ஒரு தட்டு வைத்து, மற்ற சாப்பாடு எதிலும் படாமல் வைத்தால் பிரச்சினை இல்லை. ஃபிரிட்ஜில் இடம் இல்லையே, ஃபேனுக்கு அடியில் வைத்துக் காயவிடலாமா என்றால், கூடாது, நம்ம ஊர் சூட்டில் பச்சைக்கோழியை வெளியே அத்தனை நேரம் விடுவது ஆபத்து.

சமைக்க 20 நிமிடம் இருக்கும்போது வெளியே எடுத்துவிடுங்கள். ஏர் ஃப்ரையரைக் காலியாக 180 டிகிரியில் ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். பெரும்பாலான மாடல்கள் 1,400, 1,500 வாட் இழுக்கும், அதனால் சின்ன 6 ஆம்பியர் சாக்கெட்டிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ செருகாமல் கீசர், ஏசிக்கு இருப்பது போன்ற 16 ஆம்பியர் பவர் பிளக்கில் போடுங்கள்.

பீஸ்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றக்கூடாது. நாலு லிட்டர் கூடையில் இரண்டு, கொஞ்சம் நெருக்கினால் மூன்று. ஒரே தடவையில் நாலையும் திணித்தால் காற்று போக வழியில்லாமல் ஒன்றுக்கொன்று ஆவி விட்டுக்கொண்டு வெந்துபோகும், கிடைப்பது இட்லிப் பானையில் அவித்த சிக்கன். இரண்டு ஈடாகப் போடுங்கள், நேரம் போனால் போகட்டும்.

முதலில் தோல் கீழே பார்த்தபடி 180இல் 12 நிமிடம். அப்புறம் திருப்பிப் போட்டுத் தோல் மேலே, இன்னும் 10 நிமிடம். இதற்குள் ஒரு கிண்ணத்தில் மிளகாய்த்தூள் ஒன்றரை டீஸ்பூன், மல்லித்தூள் அரை டீஸ்பூன், நசுக்கிய பூண்டு இரண்டு பல், கடலை எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன் குழைத்து வையுங்கள். 22 நிமிடம் முடிந்ததும் இதைப் பிரஷ்ஷால் தோல்மேல் மெல்லிசாகத் தடவி, 200 டிகிரிக்கு ஏற்றி ஐந்து அல்லது ஆறு நிமிடம். மிளகாய்த்தூளை ஆரம்பத்திலேயே போட்டால் அரை மணி நேரக் காற்றில் கருகிக் கசக்கும், பூண்டும் அப்படித்தான். கடைசியில் போட்டால் நிறம் அப்படியே நிற்கும், வாசனையும் போகாது.

அடித்தட்டில் கொழுப்பு சொட்டிப் புகை வந்தால் பயப்படவேண்டாம். கூடைக்கு அடியில் ஒரு பிரெட் துண்டு வைத்தால் கொழுப்பை உறிஞ்சிக்கொள்ளும். கூடைக்குள் பேப்பர் போடுகிறவர்கள், காலியாகச் சூடாக்கும்போது போடாதீர்கள், காற்றில் பறந்து மேலே கம்பிச்சுருளில் ஒட்டித் தீப்பிடிக்கும். அதோடு பேப்பர் ஓட்டைகளை அடைத்தால் கீழ்ப்பக்கம் மொறுமொறுப்பு வராது, லெக் பீஸுக்கு அது தேவையே இல்லை.

வெந்ததா என்று பார்க்க ஒரு இறைச்சித் தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள், இந்த வேலையில் நான் செலவு செய்யச் சொல்வது இது ஒன்றுக்குத்தான். எலும்பைத் தொடாமல் தொடையின் தடித்த இடத்தில் குத்திப் பாருங்கள். கோழிக்கறி எந்தத் துண்டானாலும் 74 டிகிரி தொட்டால்தான் பாதுகாப்பு. ஆனால் லெக் பீஸ் 74இல் கொஞ்சம் ரப்பர் போல இழுக்கும், 80லிருந்து 85வரை போகவிட்டால் உள்ளே இருக்கும் சவ்வு இளகி, கறி எலும்பிலிருந்து கழன்று வரும். நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். பிராய்லர் இளங்கோழி என்பதால் எலும்பு மஜ்ஜையின் சிவப்பு கசிந்து, நன்றாக வெந்த பிறகும் எலும்போரம் சிவந்து தெரியும், அதைப் பார்த்துப் பயந்து இன்னும் பத்து நிமிடம் வைத்தால் கறி காய்ந்துவிடும்.

இப்போது 65. சென்னை புகாரி ஹோட்டலோடும் 1965ஆம் வருடத்தோடும் சேர்த்துப் பேசப்படுகிற அதே சிக்கன் 65தான், தோல் கிடையாது என்பதால் மேலே ஒரு மாவுப் போர்வை வேண்டும். எலும்பில்லாத தொடைக்கறி அரை கிலோ, ஒன்றரை அங்குலத் துண்டு. ஒரு டீஸ்பூன் உப்பு, காஷ்மீரி மிளகாய்த்தூள் இரண்டு டீஸ்பூன், மிளகுத்தூளும் கரம் மசாலாவும் அரை அரை டீஸ்பூன், இஞ்சி பூண்டு விழுது ஒரு டேபிள்ஸ்பூன், துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீர் வடித்த தயிர் இரண்டு டேபிள்ஸ்பூன், ஒரு முட்டையின் வெள்ளைக்கரு. ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். ராத்திரி முழுக்கப் புளிப்பில் கிடந்தால் கறியின் மேல்பகுதி மாவு மாதிரி கொழகொழப்பாகிவிடும்.

சமைக்கும் முன் அரிசி மாவு இரண்டு டேபிள்ஸ்பூன், சோளமாவு (கார்ன்ஃப்ளார்) இரண்டு டேபிள்ஸ்பூன், எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன் போட்டுப் பிசறுங்கள். சோளமாவு மெல்லிய மொறுமொறுப்பைத் தரும், அரிசி மாவு அதைக் கொஞ்ச நேரம் நிற்கவைக்கும். பிசறியதும் உடனே வைக்காமல் பத்து நிமிடம் விடுங்கள், மாவு ஈரத்தை உறிஞ்சிக் கறியோடு ஒட்டவேண்டும். துண்டைத் தூக்கினால் மசாலா சொட்டக்கூடாது, சொட்டினால் இன்னும் ஒரு ஸ்பூன் அரிசி மாவு. எண்ணெயே இல்லாமல் செய்கிறேன் என்று அடம் பிடித்தால் மாவு வேகாமல் வெள்ளைத் திட்டாக நிற்கும், அந்த ஒரு ஸ்பூன் எண்ணெய்தான் மாவை வறுக்கிறது. சூடான கூடையில் இடைவெளி விட்டு அடுக்கி, 200 டிகிரியில் ஆறு நிமிடம், திருப்பிப்போட்டு வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் எண்ணெய் தொட்டுவைத்து, இன்னும் ஐந்தாறு நிமிடம். எண்ணெய்க்குப் பிரஷ்ஷோ பம்ப் பாட்டிலோ போதும், கேனில் வருகிற ஏரோசால் ஸ்பிரே கூடையின் நான்ஸ்டிக் பூச்சைக் கெடுக்கும். கறிவேப்பிலையை உள்ளே போட்டால் காற்றில் பறந்து கம்பிச்சுருளுக்குப் போகும். தாளிப்புக் கரண்டியில் ஒரு ஸ்பூன் எண்ணெயில் கறிவேப்பிலையும் கீறின பச்சைமிளகாயும் பொரித்து, வெந்த சிக்கன்மேல் கொட்டிக் குலுக்குங்கள். எலுமிச்சை பிழிவது அப்புறம், தட்டில்.

நெஞ்சுக்கறியில் செய்தே ஆகவேண்டும் என்கிறவர்களுக்கு: ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்பு கரைத்து அரை மணி நேரம் போட்டு, எடுத்துத் துடைத்து, தடித்த பக்கத்தைத் தட்டிச் சமமாக்கி, எண்ணெய் தடவி 190இல் வையுங்கள். பத்தாவது நிமிடத்திலிருந்தே தெர்மாமீட்டரால் பார்க்கத் தொடங்கி, 74 காட்டியதும் எடுத்துவிடுங்கள். அதற்குமேல் ஒவ்வொரு நிமிடமும் சாறு போய்க்கொண்டே இருக்கும்.

எடுத்த சிக்கனை ஹாட்பாக்ஸில் போட்டு மூடிவிட்டால் செய்த வேலை எல்லாம் அதன் ஆவியிலேயே போய்விடும். கம்பித் தட்டின்மேல் திறந்தபடி வையுங்கள், லெக் பீஸுக்கு ஐந்து நிமிடம், 65க்கு ஒரு நிமிடம் போதும். மிச்சம் இருந்தால் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் 180இல் நாலைந்து நிமிடம், லெக் பீஸாக இருந்தால் எட்டு நிமிடம் வரை, உள்ளே நன்றாகச் சூடேறும்வரை வைத்தால் மொறுமொறுப்பு பெரும்பாலும் திரும்பிவிடும், மைக்ரோவேவில் வராது.