ஈஸ்ட்டை மணிக்குள் அடைத்துத் திரும்பத் திரும்ப வேலை வாங்குவது எப்படி?

வினை முடிந்ததும் வினையூக்கியைக் கரைசலிலிருந்து பிரித்தெடுப்பதுதான் தலைவலி. அதை ஒரு திடப்பொருளில் கட்டிப்போட்டுவிட்டால் வடிகட்டி எடுத்து மறுபடி போட்டுக்கொள்ளலாம். 1916-லேயே நெல்சனும் கிரிஃபினும் இன்வர்டேஸ் நொதியைக் கரியில் ஒட்டவைத்து, ஒட்டிய பிறகும் அது சர்க்கரையைப் பிளக்கிறது என்று காட்டிவிட்டார்கள். நாம் அதே நொதி இருக்கும் பேக்கரி ஈஸ்ட்டை ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுப்பது, கால்சியம் பட்டால் கெட்டியாகிவிடும்) மணிகளுக்குள் அடைக்கப் போகிறோம்.

முதலில் தண்ணீர். பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போர்வெல் தண்ணீர் எப்படி என்று துணி துவைப்பவர்களைக் கேட்டால் தெரியும், சோப்பு நுரைக்காது. அதில் ஆல்ஜினேட்டைக் கரைக்கப் போய், தண்ணீரிலிருந்த கால்சியம் முந்திக்கொண்டு, எனக்குக் கிடைத்தது கட்டி கட்டியாக ஒரு கூழ். இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும்.

அதில் 80 மில்லி எடுத்து 2 கிராம் சோடியம் ஆல்ஜினேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கி, குமிழி அடங்க ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் 5 கிராம் ஈஸ்ட்டை 20 மில்லி வெதுவெதுப்பான நீரில் கரைத்துச் சேருங்கள். ஊசி கழற்றிய சிரிஞ்சால், 200 மில்லி நீரில் 4 கிராம் கால்சியம் குளோரைடு கரைத்ததில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெந்த ஜவ்வரிசி மாதிரி உருண்டு நிற்கும். ரொம்பக் கிட்ட வைத்து விட்டால் வால் முளைக்கும். அரை மணி நேரம் ஊறட்டும். கழுவுவதற்கு மட்டும் அந்தப் போர்வெல் தண்ணீரே நல்லது, கால்சியம் இருக்கிறதே!

சரி, மணிகளை 5 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் போட்டு அவ்வப்போது கலக்கிவிடுங்கள். 20 நிமிடம் கழித்துச் சில சொட்டு எடுத்து, சர்க்கரை பிளந்திருந்தால் நிறம் மாறிக் காட்டும் பெனடிக்ட் கரைசலோடு கொதிநீரில் வைத்தால் செங்கல் நிறம் வரும். வெறும் சர்க்கரைக் கரைசலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அது நீலமாகவே இருக்க வேண்டும். ரொம்ப நேரம் விட்டால் ஈஸ்ட் நொதிக்க ஆரம்பித்து, வாயு சேர்ந்து மணிகள் மிதக்கும்.

இதே மணிகளை வடிகட்டிப் புதுச் சர்க்கரைக் கரைசலில் மறுபடி மறுபடி போட்டு, பலரும் நாலு தடவை நிறம் வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. புதுக் கரைசலில் இரண்டே நிமிடத்தில் மணிகளை வடிகட்டிவிட்டு, நீரை மட்டும் இரண்டாகப் பிரித்து, ஒன்றை உடனே சோதியுங்கள், மற்றதை அரை மணி நேரம் கழித்து. இரண்டாவதில் நிறம் கூடியிருந்தால் ஈஸ்ட்டோ நொதியோ வெளியே கசிந்திருக்கிறது, மணி சும்மா வேடிக்கை பார்த்திருக்கிறது. எஸ்டர் தயாரிக்க ஆம்பர்லிஸ்ட்-15 என்ற அமில வினையூக்கிப் பிசின் மணிகளைப் போடுகிறவர்களும் இதே சோதனையைச் செய்யலாம்.

அப்புறம், பாஸ்பேட் பஃபரும் (pH மாறாமல் வைக்கும் கரைசல்) சோடியம் சிட்ரேட்டும் பக்கத்தில் வரக்கூடாது. கால்சியத்தைப் பிடுங்கி மணியைக் கரைத்துவிடும். நீர்த்த கால்சியம் குளோரைடில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், டப்பாவின் மேல் பெயர் எழுதி. எங்கள் வீட்டில் பாயசத்துக்கு எடுக்கப் பார்த்தார்கள்.