ஸ்பீக்கிங் தேர்வு: கோட்டையை நெட்டுரு போடாதீர்கள்

காட்பாடியில் ஐஈஎல்டிஎஸ் வகுப்பு எடுக்கிறேன்; வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வு அது, அதில் நேரில் பேசிக் காட்டும் பகுதிதான் ஸ்பீக்கிங். வருகிறவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் நர்ஸுகள். போன வாரம் குடியாத்தத்துப் பெண் ஒருத்தி, "ஐ ஹெயில் ஃப்ரம் வேலூர், எ சிட்டி ரினௌண்ட் ஃபார்..." என்று ஆரம்பித்ததுமே எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது. பாஸ்போர்ட்டை மறக்காதே, நேரத்துக்குப் போ என்பதையெல்லாம் விடுங்கள். பேசும்போது செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மனப்பாடம்

நானும் இதில் விழுந்தவன்தான். முதல் தடவை தேர்வுக்குச் சென்னை போனபோது இருபது கியூ கார்டுகளுக்கு, அதாவது இரண்டாம் பகுதியில் பேசவேண்டிய தலைப்பை எழுதித் தரும் அட்டைகளுக்கு, பதில் நெட்டுரு போட்டிருந்தேன். அதில் வேலூர்க் கோட்டை என் செல்லப்பிள்ளை. வந்த கார்டோ, அடிக்கடி போகும் ஒரு கட்டடத்தைப் பற்றி. விடுவேனா? கோட்டையை இழுத்து வந்தேன். அகழி, ஜலகண்டேஸ்வரர், 1806 சிப்பாய்ப் புரட்சி, எல்லாம் ஒரே மூச்சில். 2 நிமிடம் வரை பேசலாம். எனக்கு 40 விநாடியில் சரக்கு தீர்ந்தது. அங்கே யாரோடு போவேன், எதற்குப் போவேன் என்று கார்டு கேட்டதைத் தொடவே இல்லை.

அப்புறம் மூன்றாம் பகுதி, கார்டின் தலைப்பை ஒட்டிய பொதுக் கேள்விகள். பழைய கட்டடங்களை ஏன் காப்பாற்ற வேண்டும் என்றார் எக்ஸாமினர். "பிகாஸ்... ஓல்டு பில்டிங் இஸ்... ஓல்டு" என்றேன். சற்று முன் புரட்சியை முழங்கிய வாயா இது என்று எனக்கே சந்தேகம். அவருக்கு வராதா? நெட்டுருவுக்கென்று ஒரு ராகம் உண்டு. கமாவில்கூட மூச்சு விடாது. மதிப்பெண்ணில் சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு நான்குக்கும் சம மதிப்பு. ஒப்பிப்பது தெரிந்துவிட்டால் நான்குமே அடிவாங்கும்.

அந்தப் பெண்ணின் நோட்டை மூடிவிட்டு, இன்று பஸ்ஸில் எப்படி வந்தாய் என்று இங்கிலீஷில் கேட்டேன். கூட்டம், சில்லறைச் சண்டை, பள்ளிகொண்டாவில் கிடைத்த சீட்டு என்று ஒன்றரை நிமிடம் பேசினாள். பிழைகள் இருந்தன, பேச்சும் இருந்தது. தயாராகத் தரும் 1 நிமிடத்தில் வாக்கியம் எழுதாதீர்கள். நாலைந்து சொல் போதும்.

வெள்ளைக்காரர் ஆக்சன்ட்

வேண்டாம்.

திருத்திக்கொண்டே இருப்பது

ஒரு தடவை திருத்தினால் நல்லது. மூன்று தடவை வாக்கியத்தின் தலைக்கே திரும்பினால் சரளம் போச்சு.

புக்கு, பஸ்ஸு

கடைசி உகரத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்'

ஐ ஹேவ். அவ்வளவுதான்.

கேள்வி புரியாவிட்டால்

ஊகித்து உளறாமல் திரும்பக் கேளுங்கள். "சாரி, குட் யூ ரிப்பீட் தட்?" இதை வேண்டுமானால் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.