ஐஸ் பெட்டிக்குக் காசு கொடுக்கும் முன்: மீன் வியாபாரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் கரிமேட்டிலோ நெல்பேட்டையிலோ விடியற்காலையில் மீன் எடுத்து, மொபெட்டில் கட்டிக்கொண்டு மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கம் தெருத் தெருவாக விற்கிறவர்கள் பெரும்பாலும் தெர்மாகோல் பெட்டியில்தான் தொடங்குகிறார்கள். நாலு மாதத்தில் மூலை உடைந்து, மூடி பிளந்து, அடுத்த பெட்டி வாங்கும்போது ஒரு கேள்வி வருகிறது: இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தோல் போட்டு நடுவில் நுரை அடைத்த ‘பஃப்’ பெட்டிக்குப் பல மடங்கு விலை கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் எல்லோருக்கும் அது தேவையில்லை. தேவைப்படுகிறவர்களிலும் பலர் தப்பான காரணத்துக்காக வாங்கி, தப்பாகப் பயன்படுத்தி, ‘இதுவும் சும்மாதான்’ என்று சலித்துக்கொள்கிறார்கள்.

பெட்டி குளிர வைக்கும் என்ற நினைப்பு

எவ்வளவு விலை உயர்ந்த பெட்டியானாலும் அது எதையும் குளிர வைக்காது. குளிர வைப்பது ஐஸ். பெட்டி செய்வதெல்லாம் வெளியிலிருந்து வரும் வெப்பத்துக்கு வேகத்தடை போடுவது. அதனால் ஐஸை இரண்டு செலவாகப் பிரித்துக் கணக்குப் போட வேண்டும்: மீனைக் குளிர வைக்க ஒன்று, சுவர் வழியாக உள்ளே வரும் வெப்பத்தைச் சமாளிக்க இன்னொன்று.

முதல் செலவுக்குச் சுருக்கமான வழி: மீனின் எடையை அதன் சூட்டால் பெருக்கி 90-ஆல் வகுக்க வேண்டும். 30 டிகிரியில் இருக்கும் 20 கிலோ மீன் என்றால் 600-ஐ 90-ஆல் வகுத்து, ஏறத்தாழ ஆறரை கிலோ ஐஸ். எந்தப் பெட்டியானாலும் இந்தச் செலவு குறையாது. ஏற்கெனவே நன்றாக ஐஸ் போட்டு 3 டிகிரியில் வந்த மீன் என்றால் இந்தச் செலவு ஒரு கிலோவுக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே மீனை வாங்கும் இடத்திலேயே, முதுகுச் சதை தடித்த இடத்தில் குத்துகிற தெர்மாமீட்டரை வைத்துப் பார்ப்பது பெட்டியைப் பார்ப்பதை விட முக்கியம். மேலே தொட்டால் ஜில்லென்று இருக்கும் மீன் நடுவில் 15 டிகிரியில் இருக்கலாம்.

இரண்டாவது செலவில்தான் பெட்டிக்கு வேலை.

பெயரைப் பார்த்து வாங்குவது, தடிமனைப் பார்க்காமல் விடுவது

பலருக்கும் கை சுடுவது இந்த இடத்தில்தான் என்பதால் கணக்கோடு பார்த்துவிடலாம்.

வெளி அளவு 60 செ.மீ. நீளம், 40 அகலம், 40 உயரம் உள்ள பெட்டி. வெளியே சராசரி 35 டிகிரி, நிழல், மூடியைத் திறக்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். பத்து மணி நேரத்தில் சுவர் வழியாக வரும் வெப்பம் மட்டும் தின்னும் ஐஸ், தோராயமாக: இரண்டரை செ.மீ. தெர்மாகோலில் 6 கிலோ. அதே இரண்டரை செ.மீ. பஃப் சுவரில் 4 கிலோவுக்குச் சற்று மேல். ஐந்து செ.மீ. தெர்மாகோலில் 3 கிலோ. ஐந்து செ.மீ. பஃப் சுவரில் 2 கிலோவுக்குச் சற்று மேல்.

நடுவில் இருக்கும் இரண்டையும் கவனியுங்கள். மெல்லிய பஃப் பெட்டியைத் தடித்த தெர்மாகோல் தோற்கடித்துவிடுகிறது. நுரையின் பெயரை விடச் சுவரின் தடிமன்தான் பெரிது. கடையில் ‘சார், இது ஒரிஜினல் பஃப்’ என்று சொன்னால், மூடியைத் திறந்து ஓரத்தில் ஸ்கேல் வையுங்கள். மூடியின் தடிமனையும் தனியாக அளக்க வேண்டும். சுவர் ஐந்து செ.மீ. இருக்கும், மூடிக்குள் வெறும் காற்று மட்டும் இருக்கும் பெட்டிகள் விற்பனையில் உண்டு. விரலால் தட்டினால் டொக்கு டொக்கு என்று வெற்றுச் சத்தம் வரும்.

ஐஸில் மிச்சம் பிடித்தே பெட்டி விலையை எடுத்துவிடலாம் என்ற பேச்சையும் இந்தக் கணக்கால் சோதிக்கலாம். மெல்லிய தெர்மாகோலிலிருந்து தடித்த பஃப் பெட்டிக்கு மாறினால் பத்து மணி நேர நாளுக்கு நாலு கிலோ போல மிச்சம். மாதம் 26 நாள் ஓடினால் நூறு கிலோ, அதாவது 50 கிலோ ஐஸ் பார் இரண்டு. உங்கள் ஊர் ஐஸ் விலையில் அது எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். பெரிய தொகை வராது. பஃப் பெட்டியின் உண்மையான வரவு மூன்று இடங்களில் இருக்கிறது. சாயங்காலம் மிஞ்சும் மீன் மறுநாள் காலையில் விலை போகும். வண்டியில் சுமக்கும் ஐஸ் எடை குறைவதால் கூடுதலாக ஐந்து கிலோ மீன் ஏற்றலாம். பெட்டி மாதக்கணக்கில் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

காலை ஆறு மணிக்கு எடுத்துப் பத்து மணிக்குள் விற்று முடிப்பவருக்கு இந்த மூன்றும் பெரிதாகப் பொருந்தாது. அவருக்கு ஐந்து செ.மீ. தெர்மாகோல் பெட்டி, அதைச் சுற்றி அடிபடாமல் ஒரு பிளாஸ்டிக் கிரேட் போதும்.

லிட்டர் கணக்கில் ஏமாறுவது

‘நூறு லிட்டர் பெட்டி, நூறு கிலோ பிடிக்கும்’ என்பது தண்ணீருக்குப் பொருந்தும். நொறுக்கிய ஐஸ் ஒரு லிட்டருக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல்தான் அடங்கும். 20 கிலோ மீனும் 20 கிலோ ஐஸும் போட வேண்டுமென்றால் உள்ளளவு 60 லிட்டர் வாக்கில் தேவை. மேலே சொன்ன 60-க்கு 40-க்கு 40 பெட்டியில் சுவர் ஐந்து செ.மீ. என்றால் உள்ளே கிடைப்பது 45 லிட்டர். இரண்டரை என்றால் 67. தடித்த சுவர் இடத்தைத் தின்றுவிடும். அதில் ஐஸும் குறைவாகத்தான் தேவைப்படும் என்பதால் 20 கிலோ மீனுக்கு 12 கிலோ ஐஸ் வைத்து நெருக்கி அடக்கலாம். எப்படியிருந்தாலும் உள்ளளவைக் கேட்டு, டேப் வைத்து அளந்து வாங்குங்கள்.

தேவைக்கு மேல் பெரிய பெட்டியும் தவறுதான். பாதி காலியாக ஓடும் பெட்டியில் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் குளிர்காற்று போய்ச் சூடான காற்று நிரம்பும். வேறு வழியில்லை என்றால் தெர்மாகோல் பலகை ஒன்றை உள்ளளவுக்கு வெட்டி, பாலித்தீன் சுற்றி, ஐஸுக்கு மேல் உள்மூடியாகப் படுக்க வையுங்கள். மீன் குறையக் குறைய அதுவும் கீழே இறங்கும்.

‘அஞ்சு நாள் ஐஸ் நிக்கும்’

நிற்கும், பெட்டி முழுக்க ஐஸை மட்டும் நிரப்பி, நிழலில் வைத்து, மூடியைத் தொடாமல் இருந்தால். அதை நம்பி ஐஸைக் குறைத்துப் போட்டால் மதியம் இரண்டு மணிக்குத் தெரிந்துவிடும். வாங்கிய அன்றே வீட்டில் சோதிக்கலாம்: 10 கிலோ ஐஸை எடை போட்டு உள்ளே வைத்து, பன்னிரண்டு மணி நேரம் கழித்துத் தண்ணீரை வடித்து, மிச்சத்தை எடை போடுங்கள். அந்த ஒரு எண்தான் உங்கள் பெட்டியின் ஜாதகம்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை இரண்டு. இருட்டான மூலையில் செல்போன் டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்து மூடினால் எந்த ஓரத்திலும் வெளிச்சக் கீற்று தெரியக் கூடாது. மூடிக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு காகிதத் துண்டை வைத்துக் கொக்கியை மாட்டி இழுங்கள். இறுக்கமாக வர வேண்டும். நாலு பக்கமும் செய்யுங்கள். கீல் இருக்கும் பக்கம்தான் வழக்கமாகக் காலை வாரும்.

தகரப் பட்டறையில் சொல்லிச் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள் தகரமும் வெளித் தகரமும் விளிம்பில் ஒன்றாக மடக்கப்பட்டிருந்தால், நடுவில் எவ்வளவு தெர்மாகோல் அடைத்தாலும் அந்த மடிப்பு வழியாக வெப்பம் ஓடி வந்துவிடும். விளிம்பில் மரச்சட்டமோ பிளாஸ்டிக் பட்டையோ கொடுத்து இரண்டு தகரத்தையும் பிரிக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் பெட்டியின் வெளிப்பக்கம் எங்கே முத்து முத்தாக வேர்க்கிறதோ, அங்கே ஓட்டை இருக்கிறது.

ஐஸ் உருகக் கூடாது என்று பாலித்தீன் கவரில் கட்டுவது

ஐஸ் மிச்சமாகும் என்று நினைத்துச் செய்யும் இந்த வேலையில் கெடுவது மீன். ஒரு கிலோ ஐஸ் உருகும்போதுதான் 80 கிலோ கலோரி வெப்பத்தை உறிஞ்சும். உருகாத ஐஸ் பெரிதாக எதையும் குளிர வைப்பதில்லை. பூஜ்ஜியம் டிகிரியில் உருகிய நீர் மீன் மேல் வழிந்து இறங்க வேண்டும், அதுதான் இடுக்கு விடாமல் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். கவரில் கட்டிய கட்டி அது தொடுகிற இடத்தை மட்டும் குளிர்விக்கும்.

பெரிய கட்டிகளை நேராக மீன் மேல் போடுவதும் இதே தவறின் இன்னொரு முகம். நாலு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். சங்கராவின் வயிறு நசுங்கும். மீனைச் சுற்றி நொறுக்கிய ஐஸ், அதற்கு மேல் இருப்புக்காகக் கட்டி ஐஸ் என்று பிரித்துப் போடுங்கள். அடியில் ஐந்து செ.மீ. ஐஸ், ஒரு அடுக்கு மீன், ஐஸ், மறுபடி மீன், மேலே தடிப்பாக ஐஸ். சுவரோரமும் ஐஸ் இருக்க வேண்டும், ஏனென்றால் வெப்பம் அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. சுவரை ஒட்டிய மீன்தான் முதலில் கெடும்.

மீனின் தடிமன் இரண்டு மடங்கானால் நடுப்பகுதி குளிர நாலு மடங்கு நேரமாகும். கை அகல வஞ்சிரத்தையும் பாறை மீனையும் குடல் எடுத்து, வயிற்றுக்குள் ஐஸ் திணித்து வையுங்கள். மத்தி, அயிலை, சூரை மூன்றுக்கும் தாமதமே கூடாது. இவை சூட்டில் கிடந்தால் சதைக்குள் ஹிஸ்டமின் என்ற நச்சு உருவாகும். பிறகு ஐஸில் வைத்தாலும், குழம்பில் கொதிக்க விட்டாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பும்.

கல்லுப்பு தூவினால் கூடுதலாகக் குளிரும் என்பது உண்மைதான், ஆனால் அது ஐஸ்கிரீம்காரர் வித்தை. மீன் பூஜ்ஜியத்துக்கு ஓரிரு டிகிரி கீழே போனதும் உறையத் தொடங்கும். அரைகுறையாக உறைந்து இளகிய சதை சட்டியில் உதிரும்.

அடியிலுள்ள துளை

உருகிய நீர் வழிய வேண்டும், தேங்கக் கூடாது. இரத்தமும் கோழையும் கலந்த தண்ணீரில் ஊறும் மீனின் செவுள் வெளுத்து, நாற்றம் சீக்கிரம் வரும். அதற்காக அடித்துளையை நாள் முழுக்கத் திறந்து வைத்தால், கனமான குளிர்காற்று அந்த வழியாக இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு மணிக்கொரு முறை திறந்து வடித்து மூடலாம். அல்லது துளையில் ஒரு முழம் ரப்பர் குழாயை மாட்டி, ‘ப’ எழுத்துப் போல வளைத்துக் கட்டுங்கள். வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்கும். நீர் வெளியேறும், காற்று போகாது. அடியில் மீன் தண்ணீரைத் தொடாமல் இருக்கத் துளையிட்ட பிளாஸ்டிக் தட்டு ஒன்று போடுங்கள்.

மதுரை வெயிலுக்குத் தனியாக

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. ராமேஸ்வரம் 170 கிலோமீட்டர், தூத்துக்குடி 150 வாக்கில் என்று பழகிய தூரம் அந்த நாட்களில் போதாது. மேற்குக் கரையிலிருந்தும் மீன் வருகிறது. தூரம் கூடுகிற அதே நேரத்தில்தான் அக்னி நட்சத்திரமும். மற்ற மாதத்துக் கணக்கில் ஐஸ் போட்டால் அப்போது பத்தாது.

வெயிலில் நிற்கும் கறுப்புத் தார்ப்பாய், காற்றை விட இருபது டிகிரிக்கும் மேல் சூடாகும். வெள்ளைத் துணியோ ஈரச் சாக்கோ போடுங்கள். ஈரச் சாக்கு கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவாக எடுபடாது. மதுரையின் காய்ந்த காற்றில் நன்றாக வேலை செய்யும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கதைதான். காயக் காயத் தெளிக்க வேண்டும்.

மொபெட்டில் பெட்டியின் அடிப்பக்கம் சைலன்சர் சூட்டில் இருக்கும். இரண்டு மரரீப்பரைக் குறுக்கே வைத்து இடைவெளி விடுங்கள். பெட்ரோல் போடும்போது கவனம்: ஒரு சொட்டு பட்டாலும் தெர்மாகோல் குழி விழுந்து கரையும். தின்னர் கலந்த பசையும் அப்படித்தான். விரிசலை அதை வைத்து ஒட்டப் போனால் விரிசல் பெரிதாகும்.

முந்தின நாள் வெயிலில் கிடந்த பெட்டியில் நேராக மீனை அடுக்கினால், முதல் ஒன்றிரண்டு கிலோ ஐஸ் பெட்டியின் சுவரைக் குளிர வைக்கவே போய்விடும். கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு பழைய ஐஸ் தண்ணீரை ஊற்றி மூடி வையுங்கள். விற்கும்போது பெரிய பெட்டியை அடிக்கடி திறக்காமல், ஐந்து கிலோ பிடிக்கும் சிறிய பெட்டியில் எடுத்து வைத்துக் காட்டுங்கள்.

கழுவுவதும் எடை பார்ப்பதும்

வெறும் தண்ணீரில் அலசுவது போதாது. சோப்புப் போட்டுத் தேய்த்த பின், 10 லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கலந்து பத்து நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரில் அலசி, மூடியைத் திறந்து கவிழ்த்துக் காய வைக்க வேண்டும். கத்தியால் பெட்டிக்குள் மீன் வெட்டுகிறவர்கள் அந்தக் கீறல்களில் அழுக்கைச் சேர்த்து வைக்கிறார்கள்.

அந்தக் கீறலோடு இன்னொரு கேடும் வரும். பஃப் பெட்டியின் தோலில் விரிசல் விட்டால் நுரைக்குள் தண்ணீர் இறங்கும். தண்ணீர், நுரையை விட இருபது மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. ஐஸ் மட்டும் சீக்கிரம் தீரும். புதுப் பெட்டியை வாங்கிய அன்று எடை போட்டு, மூடியின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நன்றாகக் காய வைத்து மறுபடி எடை போடுங்கள். ஒரு கிலோ கூடியிருந்தால் அந்த ஒரு கிலோ தண்ணீர். விரிசலைத் தேடி, பெட்டியைச் சில நாள் உலர விட்டு, பிறகு அடையுங்கள். ஈரத்தோடு அடைத்தால் தண்ணீர் உள்ளேயே குடியிருக்கும்.