பர்மால புரோகிராமிங் படிக்கப் போறீங்களா, இதப் படிச்சிட்டு சேருங்க

மெட்ரிக் (பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்ச) முடிச்சிட்டு கம்ப்யூட்டர் படிக்கணும்னு இருக்குற நம்ம தம்பி தங்கச்சிங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒன்னு கவர்மெண்ட் கம்ப்யூட்டர் யுனிவர்சிட்டி, ரங்கூன்ல இருக்கு, மோல்மேன் பக்கத்துப் பசங்களுக்கு தட்டோன்ல இருக்கு, மெட்ரிக் மார்க்க வச்சுதான் எடுப்பாங்க, செலவு கம்மி ஆனா வருஷம் ஜாஸ்தி. இன்னொன்னு பிரைவேட் காலேஜ்ல என்சிசின்னு இங்கிலாந்து அமைப்பு குடுக்குற கம்ப்யூட்டர் டிப்ளமா, லெவல் 4, லெவல் 5 முடிச்சா வெளிநாட்டு டிகிரியோட கடைசி வருஷத்துல சேந்துக்கலாம், சீக்கிரம் முடியும், பீஸுதான் பெருசு. வீட்ல காசு கஷ்டம்னா வட்டிக்கு வாங்கி இதுல சேராதீங்க, வேலைக்கு எடுக்குறவங்க நீங்க எழுதுன புரோகிராமத் தொறந்து காட்டச் சொல்லுவாங்க, அது எந்தக் காலேஜ்ல படிச்சாலும் நீங்களே உக்காந்து எழுத வேண்டியதுதான்.

மொத வருஷம் ஒரே ஒரு லாங்குவேஜ், சி++ஸோ ஜாவாவோ காலேஜ்ல எது சொல்லித் தராங்களோ அதப் புடிங்க. கரண்ட் எப்ப வரும் எப்ப போவும்னு தெரியாத ஊரு, அதனால பழைய லேப்டாப்பா இருந்தாலும் பேட்டரி நல்லதா பாத்து வாங்குங்க, நெட்டு இருக்கும்போதே அந்த லாங்குவேஜோட டாக்குமெண்டேஷன, அதான் விளக்கக் கையேட்ட, எறக்கி வச்சுக்கோங்க, கரண்ட் இல்லாத நேரத்துல அல்காரிதத்த, அதான் கணக்க எப்படி செய்யணும்ங்கற படிகள, நோட்டுல எழுதிப் பாருங்க.

ரெண்டாவது வருஷத்துல தெரிஞ்ச ஒரு கடைக்கு ஸ்டாக்கு, கடன் கணக்கு பாக்குற மாதிரி ஒன்னு செஞ்சு குடுங்க. இங்கதான் பர்மா எழுத்துப் பிரச்சன வரும். 2019 அக்டோபர் 1லேர்ந்து நாடே யூனிகோடுக்கு, அதான் எழுத்துக்கு நம்பர் குடுக்குற உலகப் பொது முறைக்கு, மாறுச்சு, ஆனா பழைய டேட்டாவெல்லாம் ஜாஜிங்கற பழைய பர்மா ஃபாண்ட்லயே கெடக்கும், ரெண்டும் ஒரே கோடு நம்பருங்கள வேற வேற எழுத்துக்கும் வேற வரிசையிலும் வச்சிருக்கு, அதனால கஸ்டமர் பேரத் தேடுனா கண்ணுக்கு ஒன்னா தெரியுற பேரு கூட கெடைக்காது. கூகுளோட மியான்மார் டூல்ஸ்னு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி இருக்கு, எது ஜாஜி எது யூனிகோடுன்னு கணிச்சு சொல்லும், அத வச்சுக் கண்டுபுடிச்சு யூனிகோடுக்கு மாத்தி டேட்டாபேஸ்ல போடப் பழகுங்க. அதோட பர்மா மொழியில வார்த்தைக்கு வார்த்த எடம் விட்டு எழுத மாட்டாங்க, அதனால சர்ச் எழுதுறதும் தனி வேலதான். இதையெல்லாம் செஞ்சு பாத்த பசங்களுக்கு பேங்க், பேமென்ட் ஆப், டெலிவரி கம்பெனின்னு உள்ளூர்லயே தேவ இருக்கு.

வெளிநாட்டுக்கு, முக்கியமா ஜப்பானுக்கு வேலைக்குப் போகணும்னா ஜப்பான்காரங்க முறையில நடக்குற எஃப்இங்கற கம்ப்யூட்டர் இன்ஜினியர் பரீட்சைய எழுதுங்க. ஏப்ரல், அக்டோபர்னு வருஷத்துக்கு ரெண்டு தடவ, இங்கிலீஷ்ல இருக்கும், பழைய கேள்வித்தாள் இந்தப் பரீட்சைய நடத்துற ஐடிபெக் அமைப்போட சைட்ல ஃப்ரீயா கெடைக்குது. டிகிரி இல்லாதவங்க கூட இத பாஸ் பண்ணியிருந்தா, ஜப்பான்ல வேலையும் கெடச்சிருச்சுன்னா, அந்த நாட்டு இன்ஜினியர் விசாவுக்குப் படிப்புத் தகுதி தடையா நிக்காது, அதனால டிப்ளமா பசங்க இத விடவே விடாதீங்க. ஜப்பான் மொழியையும் மொத வருஷத்துலயே கூட வச்சுப் படிங்க. வெளிய அனுப்புற சட்டதிட்டம் அடிக்கடி மாறுது, ஏஜென்ட் பேச்ச மட்டும் நம்பி காசு கட்டிறாதீங்க.

அப்புறம் நம்மள்ல நெறைய பேருக்கு வீட்ல தமிழ்ப் பேரு, அடையாளக் கார்டுல பர்மாப் பேரு. காலேஜ் ஃபாரம், பரீட்ச ஃபாரம், பாஸ்போர்ட் மூணுலயும் கார்டுல இருக்குற பேரையே ஒரே ஸ்பெல்லிங்ல போடுங்க, சேர்ற அன்னைக்கே சரி பண்ணிக்கோங்க, சர்டிபிகேட் வந்தப்புறம் மாத்துறது ரொம்ப அலைச்சல்.